பெரியாற்றுக்கு மதினி போட்ட திட்டம்

எங்கள் தீப்பெட்டிக் கம்பெனியில் அவளை எல்லாரும் மதினி என்றுதான் கூப்பிட்டோம். அண்ணன் யாரென்று தெரியாமலே வந்த மதினி. அவளுடைய புருஷனை எங்களில் ஒருத்தியும் பார்த்ததில்லை. கழுத்தில் தாலி இருந்தது. கை நிறையக் கண்ணாடி வளையல் இருந்தது. நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம் இருந்தது. ஆள் மட்டும் இல்லை.

கம்பெனி ஆமத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவே கரிசல் காட்டில் இருந்தது. பெட்டி அடைக்கிற பகுதிக்கு மதினிதான் மேற்பார்வை. நாங்கள் முப்பது பெண்கள் தரையில் வரிசையாக உட்கார்ந்து குச்சிகளைப் பெட்டியில் அடைப்போம். அவள் கதவோரம் ஒரு முக்காலியில் இருப்பாள். அதட்டியதில்லை, கணீரென்று ஒரு சொல் சொன்னதில்லை. பார்ப்பாள், அவ்வளவுதான். பேச்சு தானாக அடங்கிவிடும்.

புதிதாக வந்த மேஸ்திரி ஒருவன், குச்சித் தட்டை எடுத்துக் கொடுக்கிற சாக்கில் பிள்ளைகளின் தோளைத் தொட்டுத் தொட்டுப் போனான். யாரும் மதினியிடம் சொல்லவில்லை. மறுநாள் காலையில் அவள் முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவன் மேசைக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். சாப்பாட்டு மணி அடிக்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன வேணும் உங்களுக்கு?" என்றான் அவன்.

"ஒண்ணும் வேண்டாம். பாக்கேன்."

மூன்றாவது நாள் அவனே கேட்டு வேறு பகுதிக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டான். நாங்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அந்தப் பார்வை ஒருநாள் நம் பக்கம் திரும்பினால் என்ன ஆகும் என்ற பயமும் எனக்கு உள்ளூர இருந்தது. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது.

சாப்பாட்டு நேரத்தில் மரக்கட்டை அடுக்கியிருக்கும் கொட்டடிப் பக்கம் போவாள். கட்டைகளுக்கு அடியில் ஒரு கீரி குடியிருந்தது. எங்களில் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டுபோய் உட்கார வைப்பாள். "அசையக் கூடாது. அது நம்மளப் பாக்குறதுக்கு முன்ன நாம அதப் பாத்துரணும்" என்பாள். எங்களுக்குக் கால் மரத்துப்போகும், மூக்கு அரிக்கும். கீரி வெளியே வந்து எங்கள் தூக்குச்சட்டியை மோந்து பார்த்துவிட்டுப் போகும். மதினி மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்காது.

மரம் ஏற்றிய லாரி வரும் நாளில் மட்டும் அவள் வேறு ஆளாகிவிடுவாள். தீக்குச்சி அறுக்கிற மெத்தென்ற மரம் மலையாளக் காடுகளிலிருந்து வரும். லோடு இறங்கும்போது கட்டையின் வெட்டுமுகத்தைத் தடவிப் பார்ப்பாள். "இது எந்தப் பக்கத்து மரம்?" என்று டிரைவரைக் கேட்பாள். பெரியாற்றுப் பக்கம் என்று சொல்லிவிட்டால் போதும், அன்று முழுக்கச் சாப்பிட மாட்டாள்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அவளாகவே சொன்னாள். "தேக்கடியில படகு விடுதாகளாம். ஆத்துல போயிக்கிட்டே யானை பாக்கலாமாம். ஒரு எட்டுப் பேரு போயிட்டு வருவமா?"

நாங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரைத் தாண்டி எதையும் பார்க்காதவர்கள். உடனே சரி என்றோம். உடனே போய்விடலாம் என்றும் நினைத்தோம். மதினி திட்டம் போட இரண்டு வருஷம் எடுத்துக்கொண்டாள்.

எட்டாம் வகுப்பு வரை படித்தவள் நான் ஒருத்திதான். அதனால் அவள் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். அச்சாபீசிலிருந்து வரும் லேபிள் தாள்களில் மை ஓடிப்போனவற்றைக் கழித்துப் போடுவார்கள். முன்பக்கம் இரண்டு தலையாகத் தெரியும் புலி இருக்கும், பின்பக்கம் எங்கள் பயணம். சிவகாசியிலிருந்து எத்தனை மணிக்குப் பஸ், தேனியில் எங்கே மாறுவது, கம்பத்தில் யார் வீட்டில் தண்ணீர் குடிப்பது, யானை எந்த மாதம் கரைக்கு வரும், எந்த நேரத்தில் வரும் என்று எல்லாவற்றையும் எழுதினேன். லாரி டிரைவர்கள், கம்பத்து வியாபாரிகள், ஐயப்பன் கோயிலுக்குப் போய்வந்தவர்கள் என்று ஒருவரையும் அவள் விடவில்லை. ஒரே கேள்வியை நாலு பேரிடம் கேட்டு, நாலு பதிலையும் எழுதச் சொல்லி, மாதக்கணக்கில் ஒத்துப் பார்ப்பாள்.

படகு விடும் இடத்துக்கும் கடிதம் எழுதினோம். படகு எத்தனை மணிக்கு, மழைக்காலத்தில் உண்டா என்றெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தவள், அதே குரலில் மேலே சொன்னாள்.

"இதையும் எழுது. எட்டு வருசத்துக்கு முன்ன, பங்குனி மாசம், தீப்பெட்டி மரம் பாத்து அடையாளம் போடுறதுக்கு விருதுநகர்ல இருந்து வந்த ஆளு. நல்ல உசரம். இடது காது மடல் கிழிஞ்சிருக்கும். அந்த ஆளப் பத்தித் தகவல் தெரிஞ்சவுக ஆராவது அங்கன இருக்காகளா."

எழுதிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. அவள் என்னைப் பார்த்தாள். "எழுது" என்றாள். எழுதினேன்.

பிறகு மற்றவர்களிடம் விசாரித்துத்தான் எனக்கு முழுக்கத் தெரிந்தது. காண்டிராக்டரோடு மரம் பார்க்கப் போன அவள் புருஷன் திரும்பவில்லை. யானை அடித்துவிட்டது என்றார் ஒருவர். தெப்பத்திலிருந்து விழுந்துவிட்டார் என்றார் இன்னொருவர். உடம்பைக் கண்டவர் யாருமில்லை. கொழுந்தன் காரியம் செய்துவிடலாம் என்றாராம். "நான் பாக்காம செய்யக் கூடாது" என்று மதினி சொல்லிவிட்டாளாம். பார்வை மங்கிய மாமியாரையும் வைத்துக்கொண்டு எட்டு வருஷம் இருந்திருக்கிறாள். கிழவி தினமும் சாப்பிட உட்காரும்போது, "வந்துட்டானா?" என்று கேட்டுவிட்டுத்தான் சோற்றில் கை வைக்குமாம்.

கடிதத்துக்குப் பதில் வந்தது. படகு காலை ஏழு மணிக்கு என்று மட்டும் எழுதியிருந்தது.

கிளம்புவதற்கு முந்தின மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் மதினி எங்களைக் காய்ந்த ஆற்று மணலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மணலில் படகு மாதிரிக் கோடு கிழித்து, இரண்டிரண்டு பேராக உட்கார வைத்தாள். அரைமணி நேரம் யாரும் பேசக் கூடாது, இருமக் கூடாது, கையை நீட்டிக் காட்டக் கூடாது. சொட்டுத் தண்ணீர் இல்லாத ஆற்றில், வெயிலில், எட்டுப் பெண்கள் எதிர்க்கரையைப் பார்த்தபடி வாய்மூடி உட்கார்ந்திருந்தோம். ஆடு ஓட்டிப் போன ஒருவர் நின்று பார்த்துவிட்டு, யார் வீட்டில் இழவு என்று கேட்டார்.

அப்புறம் விதிகள் வந்தன. சிவப்பு, மஞ்சள் சேலை ஆகாது, சாம்பல், பச்சை, மண் நிறம்தான். தலையில் பூ வைக்கக் கூடாது, வாசம் யானைக்கு எட்டிவிடும். பவுடர் கூடாது. தின்பண்டத்தைக் காகிதத்தில் மடிக்கக் கூடாது. கடைசியாக, "வளையலக் கழட்டிரணும். சலசலக்கும்" என்றாள்.

கல்யாணமான அஞ்சு பேரும் எகிறிவிட்டார்கள். "என்ன மதினி சொல்றீக? தாலி கட்டுனவுக கையில வளையல் இல்லாம எப்படிப் போறது?" என்றாள் ஒருத்தி.

"ரெண்டு மணி நேரம்தான?"

"அப்ப நீங்களும் கழட்டுவீகளா?"

மதினி பழைய வேட்டித் துணியைக் கிழித்துத் தன் வளையல்களின் மேல் இறுக்கிச் சுற்றிக் கட்டினாள். கையை ஆட்டிக் காட்டினாள். சத்தமே வரவில்லை. மற்றவர்களுக்கு அப்படிக் கட்ட வரவில்லை. நழுவி நழுவி விழுந்தது. கடைசியில், யானை ஆசையில், எல்லாரும் கழற்றத்தான் செய்தார்கள்.

குமுளியில் சாயங்காலம் போய் இறங்கினோம். குளிரில் பல் கிட்டியது. பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. அந்தக் கடைக்காரர் முன்னால் மரத்தெப்பம் விட்டவர் என்று லாரி டிரைவர் ஒருவர் சொன்னதை மதினி எப்போதோ என்னை எழுதவைத்திருந்தாள். "நீ போயிக் கேளு. நான் கேட்டா பொஞ்சாதின்னு தெரிஞ்சுபோகும், உள்ளதச் சொல்ல மாட்டாக" என்றாள்.

கடைக்காரர் கம்பத்துக்காரர். காது மடல் என்றதுமே தலையாட்டினார்.

"நல்லாத் தெரியும்மா. நீங்க யாரு அவருக்கு?"

"பக்கத்து வீடு."

"அப்ப சொல்றதுல தப்பில்ல. ஆளு சொகமா இருக்காரு. வண்டிப்பெரியாரு பக்கம் எஸ்டேட்டுல மரவேலை. அங்கேயே ஒரு பொண்ணக் கட்டிக்கிட்டாரு. பிள்ளைங்க இருக்கு. ஞாயித்துக்கிழமை சந்தையில பாக்கலாம். ஊருல யாருமில்லன்னு சொன்னாரே?"

அவர் டீ ஆற்றிக்கொண்டே ஆளின் நல்ல குணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ரோட்டைக் கடந்து திரும்பி வந்தேன். மதினி முகத்தைப் பார்க்காமல், "தெரியலன்னாரு" என்றேன்.

"சரி" என்றாள்.

மறுநாள் காலையில் படகு ஏறினோம். ஆற்றை அணை கட்டித் தேக்கிய இடம் அது. காடு அப்படியே முழுகிப்போயிருக்கிறது. செத்த மரங்கள் கரிக்கட்டைபோலத் தண்ணீருக்கு மேலே நூற்றுக்கணக்கில் நின்றன. ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு கறுப்புப் பறவை இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. பனி தண்ணீரிலிருந்து எழும்பிக்கொண்டிருந்தது. படகுக்காரர் மோட்டாரை நிறுத்தினார். மணலில் பழகியபடி யாரும் மூச்சுவிடவில்லை.

யானைகள் வந்தன. ஏழு, பின்னால் ஒரு குட்டி. காட்டிலிருந்து வந்த சத்தமே இல்லை. இல்லாத இடத்தில் இருந்தன, அவ்வளவுதான். தாய் குட்டியைத் துதிக்கையால் தள்ளித் தண்ணீருக்குள் விட்டது. என் பக்கத்தில் இருந்தவள் சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தாள், சந்தோஷத்தில்.

நான் திரும்பி எங்களைப் பார்த்தேன். மங்கல் சேலை, பூ இல்லாத தலை, வெறுங்கை. ஆட்டுக்காரர் கேட்டது சரிதான். நடுவில் மதினி மட்டும் குங்குமமும், துணி சுற்றிய வளையலுமாக உட்கார்ந்திருந்தாள். அவள் யானையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும் பஸ்ஸில் தேனி தாண்டியதும் மதினி ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள்.

"தெரியலன்னு சொல்றதுக்கு அந்த மனுசனுக்கு அம்புட்டு நேரமா ஆச்சு?"

தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. முக்காலி கதவோரத்திலிருந்து என் வரிசைக்கு எதிரே வந்துவிட்டது. திட்டவில்லை. வேலையைக் குறை சொல்லவில்லை. காலை முதல் மாலை வரை பார்த்தாள். எனக்குக் குச்சி கையில் நிற்கவில்லை. வீட்டுக்குப் போனாலும் முதுகுக்குப் பின்னால் அவள் இருப்பதுபோலவே இருந்தது. சாப்பிடும்போது திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். புள்ளைக்குக் காட்டுக் காத்து பட்டிருக்கு என்று அம்மா வேப்பிலை அடிக்கக் கூட்டிக்கொண்டு போனாள்.

ஒரு சாப்பாட்டு நேரத்தில், கீரி இருந்த கொட்டடியில், அவள் காலடியில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொல்லி முடித்ததும் அவள் என் தலையில் கை வைத்தாள்.

"எப்படியும் சொல்லிருவேன்னு தெரியும் தாயி" என்றாள். "வண்டிப்பெரியாருக்குக் குமுளியில எத்தன மணிக்கு பஸ்ஸுன்னு விசாரிக்கணும். ஒரு தாள் எடு."

இந்த முறை நாங்கள் இரண்டு பேர்தான். யானையைச் சரியாகப் பார்க்கவில்லை, இன்னொரு தடவை பார்க்கப் போகிறோம் என்று வீட்டில் சொன்னோம். சந்தை, ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில். தூறல் விட்டு விட்டு விழுந்தது. எஸ்டேட் ஜனம் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து குவிந்தது. மதினி சாம்பல் நிறச் சேலையில், தலையில் முக்காடு போட்டு, மரவள்ளிக் கிழங்குக் குவியலுக்குப் பின்னால் எனக்கும் இடம் ஒதுக்கி உட்கார்ந்தாள். கிழங்குக்காரியிடம், பஸ்ஸுக்குக் காத்திருக்கிறோம் என்றாள்.

பதினொரு மணி வாக்கில் அவர் வந்தார். மதினி என் மணிக்கட்டைப் பிடித்ததில்தான் எனக்குத் தெரிந்தது. நல்ல உயரம். தலை நரைத்து, வயிறு கொஞ்சம் போட்டிருந்தது. காது மடல் கிழிந்திருந்தது. தோளில் ஒரு பெண்குழந்தை. கூடவே குடை பிடித்துக்கொண்டு ஒரு பெண். எங்களுக்கு நேர் எதிரே, கருவாட்டுக் கடையில் நின்றார். ஒரு கருவாட்டை எடுத்து மோந்து பார்த்து, குழந்தையின் மூக்கிலும் காட்டினார். குழந்தை முகத்தைச் சுளித்தது. அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

மதினி எழுந்து போய்ச் சட்டையைப் பிடிப்பாள் என்று நினைத்தேன். விழுந்தால் தாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவள் அசையவில்லை. மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. கருவாட்டை வாங்கிக்கொண்டு திரும்பியவர், இரண்டு முழத்தில் எங்களைக் கடந்து போனார். அவர் கண் கிழங்கின் மேல் பட்டது, எங்கள் மேலும் பட்டது. ஒரு நொடி நின்றதோ என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம். கூட்டத்தில் மறைந்துவிட்டார்.

"கூப்பிடட்டுமா மதினி?"

"கூப்பிட்டா என்ன செய்வாக? ஓடுவாக. அவுக ஓடுறதப் பாக்கவா இம்புட்டுத் தூரம் வந்தேன்?"

அரைமணி நேரம் கழித்து எழுந்தாள். குமுளி வந்து பஸ் மாறும்போது, "அந்தப் புள்ளைக்கு என்ன வயசிருக்கும்?" என்று கேட்டாள்.

"நாலு, அஞ்சு இருக்கும்."

"அஞ்சு இருக்கும்" என்றாள்.

விருதுநகரில் வீட்டுக்குள் நுழைந்ததும் மாமியார் கிழவியின் முன்னால் உட்கார்ந்தாள். என்னையும் உட்கார வைத்தாள்.

"தெரிஞ்சுபோச்சு அத்தே. ஆத்தங்கரையில யானை அடிச்சிருச்சாம். ஒரே அடி. வலி தெரிஞ்சிருக்காதுன்னாக. அங்கனயே பொதச்சிட்டாகளாம். எடத்தப் பாத்துட்டு வந்தேன்."

கிழவி கையை நீட்டி என் முகத்தைத் தேடித் தடவியது.

"மெய்தானா தாயி?"

மதினி என்னைப் பார்த்தாள்.

"மெய்தான்" என்றேன்.

கிழவி நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதது. எட்டு வருஷத்து அழுகை. அழுது ஓய்ந்து சோறு கேட்டுச் சாப்பிட்டது. அன்றைக்கு, வந்துட்டானா என்று கேட்கவில்லை.

உடம்பு இல்லாத சாவுக்குத் தர்ப்பைப் புல்லில் ஆள் செய்து எரிப்பார்கள். கொழுந்தன் அதைச் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போனார். பொம்மைக்கு வேட்டி கட்டியிருந்தார்கள். கருவாட்டை மோந்து பார்த்துச் சிரித்த முகம்தான் என் கண்ணுக்குள் நின்றது. மதினி அழுதாள். நிஜமான அழுகை. அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை.

கருமாதிக்குச் சொந்தக்காரர்களுக்குக் கார்டு எழுத என்னைத்தான் கூப்பிட்டாள். எழுதி முடித்து அடுக்கியபோது, "இன்னொண்ணு எழுது" என்றாள். குமுளி டீக்கடைக்காரர் விலாசத்தைச் சொன்னாள். பெரியாற்றங்கரையில் யானை அடித்துக் காலமான இன்னாருக்கு இன்ன தேதி, இன்ன கிழமை பதினாறாம் நாள் காரியம் என்று புருஷன் பெயரை முழுசாகப் போட்டு எழுதச் சொன்னாள். கீழே ஒரு வரி. ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வரும் காது கிழிந்தவரிடம் கொடுக்கவும்.

"வந்துட்டாருன்னா என்ன செய்வீக மதினி?"

"பந்தியில உக்கார வச்சுச் சோறு போடுவேன். கருமாதிக்கு வந்தவுகள வேற என்ன செய்வாக?"

நானே கொண்டுபோய்த் தபாலில் போட்டேன்.

பதினாறாம் நாள் தாலியை அவளே கழற்றிப் பாலில் போட்டாள். வளையலை யாரையும் உடைக்க விடவில்லை, ஒவ்வொன்றாக உருவி வைத்தாள். பந்தி ஆரம்பித்தது. இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தும் எனக்குச் சோறு இறங்கவில்லை. செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலைப் பார்த்தேன். சொந்தக்காரர்கள் வந்தார்கள், அச்சாபீஸ்காரர்கள் வந்தார்கள், கம்பெனிப் பெண்கள் லாரி பிடித்து வந்தார்கள். மூன்று பந்தி எழுந்தது. கடைசி இலை எடுக்கும்வரை நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதினி வெள்ளைச் சேலையில், குழம்பு வாளியோடு, இலை இலையாகக் குனிந்து பரிமாறிக்கொண்டு போனாள். ஒருதரமும் அவள் வாசல் பக்கம் திரும்பவில்லை.